பழைய மெசினை ‘ரெஸ்டோர்’ பண்ணுவதற்குத் தமிழில் என்ன சொல்?

கிளிநொச்சி, திங்கள் இரவு

எல்லோருக்கும் வணக்கம்.

பழைய இரண்டு சில்லு உழவு இயந்திரங்களை வீட்டு வளவிலேயே கழற்றிப் பூட்டப் பழக்கும் வகுப்பு ஒன்றைச் சனிக்கிழமைகளில் நடத்துகிறேன். 11 பிள்ளைகள் வருகிறார்கள். அவர்களுக்கான 12 பக்கக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். கறள் நீக்குவது, இறுகின பிஸ்டனைக் கழற்றுவது எல்லாம் எழுதி முடித்துவிட்டேன். அட்டையில்தான் நிற்கிறேன்.

‘ரிப்பேர்’ என்றால் திருத்தம். கராச்சுப் பலகைகளில் அதுதான் இருக்கிறது, எல்லோருக்கும் விளங்கும். ‘ரெஸ்டொரேஷன்’ என்றால்? ஓடவைப்பது மட்டும் இல்லை, தொழிற்சாலையை விட்டு வந்த நாளில் எப்படி இருந்ததோ அப்படி ஆக்குவது. பெர்கசன் டி.ஈ. 20 என்று ஓர் உழவு இயந்திரம், 1946 முதல் 1956 வரை இங்கிலாந்தின் கொவென்ட்ரியில் செய்தார்கள். அதை எடுத்துச் செய்கிறவர் சாம்பல் நிறம்தான் அடிப்பார். சிவப்பு அடித்தால், எவ்வளவு நன்றாக ஓடினாலும் அது திருத்தம்தான், மற்றது இல்லை. அந்த ‘மற்றது’க்கு ஒரு சொல் தாருங்கள்.

இன்னொன்று. நான் பார்த்து எழுதுகிற ஆங்கில நூலில் ‘கார்டன் டிராக்டர்’ என்று வருகிறது. ‘தோட்ட உழவு இயந்திரம்’ என்று போடலாமா?

வவுனியா, செவ்வாய் காலை

இரண்டாவது கேள்வியை முதலில் முடிப்போம். போடக்கூடாது. இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் 1961 இல் கொண்டுவந்த கப் கடெட் அந்த வகைதான், வலு 7 குதிரைவலு. அமெரிக்காவில் வீட்டைச் சுற்றிப் புல் வெட்டவும் உறைபனி தள்ளவும் வாங்கினார்கள். எங்களுக்குத் தோட்டம் என்றால் மிளகாயும் வெங்காயமும், மலையகத்தில் தேயிலை. ‘வளவு டிராக்டர்’ என்று எழுதுங்கள். வன்னியில் அந்த இடத்தில் நிற்பது லான்ட்மாஸ்டர் என்கிற இரண்டு சில்லு மெசின். அது ஓர் ஆங்கிலேயக் கம்பனியின் பெயர், ஆனால் சனம் குபோட்டாவையும் லான்ட்மாஸ்டர் என்றுதான் சொல்லும்.

முதல் கேள்விக்கு என் சொல் புனரமைப்பு. குளத்தடியிலும் வீதியோரத்திலும் நட்ட பலகை எல்லாம் அந்தச் சொல்தான். புதிதாகப் படிப்பிக்கத் தேவையில்லை.

முல்லைத்தீவு, செவ்வாய் மாலை

தம்பி, புனர் வடசொல் என்பதற்காக நான் மறுக்கவில்லை. தொல்காப்பியர் வடவெழுத்தைத்தான் களையச் சொன்னார், சொல்லை வாசலில் மறிக்கவில்லை. பொருள் பிழை என்பதுதான் என் மறுப்பு. குளம் புனரமைக்கும்போது கட்டை உயர்த்துகிறோம், தண்ணீர் திறந்துவிடும் துருசுக்குப் புதுக் கதவு போடுகிறோம். பழையபடியே இருக்க வேண்டும் என்று அங்கே யாரும் நினைப்பதில்லை.

என் சொல் புதுக்கல். கோயிலைப் புதுக்குவதற்காக விட்ட நிலத்தைக் கல்வெட்டுகள் புதுக்குப்புறம் என்கின்றன. சொல்லின் அமைப்பையும் பாருங்கள். பெருகு என்றால் பெருக்கு, அடங்கு என்றால் அடக்கு. தன்வினைக்குப் பக்கத்தில் பிறவினை நிற்கும். புதுக்குக்குப் பக்கத்தில் புதுகும் இல்லை, புதுங்கும் இல்லை. எதுவும் தானாகப் புதிதாவதில்லை, ஒருவர் கைவைக்க வேண்டும் என்பது அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. புது என்ற அடியும் சின்னது இல்லை. மலையாளத்தில் அப்படியே இருக்கிறது, பழங்கன்னடத்தில் பொச, இன்றைக்கு அங்கே ஹொச. பகரம் ஹகரமான வரலாற்றைத் தனியாக எழுதுகிறேன்.

கறள் என்று எழுதியிருக்கிறீர்கள், நல்லது. யாராவது துரு என்று மாற்றச் சொன்னால் மாற்ற வேண்டாம்.

மாங்குளம், புதன் மதியம்

ஐயா, குறை நினைக்க வேண்டாம். புதுக்கல் என்று சொன்னால் என்னிடம் வருகிறவர் புதுச் சாமான் போடுவது என்றுதான் எடுப்பார். இறுகின எஞ்சினுக்குள் டீசல் ஊற்றிப் பத்து நாள் ஊறவிட்டு, மரக்கட்டை வைத்து மெதுவாகத் தட்டி இறக்குகிறேன். புதுப் பிஸ்டன் வாங்கிப் போடுவதென்றால் இவ்வளவு நாள் எதற்கு? பழையதைக் காப்பாற்றத்தானே மினைக்கெடுகிறோம்.

கறளும் அப்படித்தான். தண்ணீரில் சலவைச் சோடாவைக் கரைத்து, பற்றரி சார்ஜரின் நெகடிவ்வைச் சாமானிலும் பொசிடிவ்வைக் கழிவு இரும்பிலும் கொளுவ வேண்டும். கழிவு இரும்புக்குப் பதிலாக எவர்சில்வரைப் போடவே கூடாது, நச்சுக் குரோமியம் தண்ணீரில் இறங்கும். ஐதரசன் வரும், ஆகவே அறைக்குள் வைத்தும் செய்யக்கூடாது. இந்த இரண்டையும் பெரிய எழுத்தில் போடுங்கள், பிள்ளைகள் செய்கிற வேலை.

இப்படிச் செய்கிறவன் எதையும் புதுக்குவதில்லை. கறளுக்குக் கீழே கிடந்த இரும்பை வெளியே எடுக்கிறான். ‘மீட்டல்’ என்று வையுங்கள்.

புதுக்குடியிருப்பு, புதன் இரவு

அண்ணை, மீட்டல் என்றால் இங்கே அடகு நகைதான் ஞாபகம் வரும்.

நீங்கள் எல்லோரும் ஒன்றை விட்டுவிட்டீர்கள். பழைய நிலை என்றால் எந்த நாளின் நிலை? அப்பாவின் குபோட்டாவுக்கு டீசல் தாங்கி கறள் பிடித்து ஒழுகத் தொடங்கியது 90களின் பொருளாதாரத் தடைக்காலத்தில். மோட்டார் சைக்கிள்கள் ஒரு சொட்டுப் பெற்றோலில் ஸ்டார்ட் எடுத்து மண்ணெண்ணெயில் ஓடின நாட்கள். சாமான் எதுவும் வராது. அப்பா ஓர் எண்ணெய் டின்னை வெட்டி, ஈயம் ஒட்டித் தாங்கியாக்கினார். 2009 இல் அதை விட்டுவிட்டுத்தான் போனோம். திரும்பி வந்து தேடி எடுத்தபோது சில்லுகள் இல்லை, டின் இருந்தது. தொழிற்சாலை நாளுக்குக் கொண்டுபோவதென்றால் முதலில் அந்த டின்னைக் கழற்றி எறிய வேண்டும். நான் எறிய மாட்டேன்.

என் சொல் பேண்திருத்தம். பேணிய, பேணுகிற, பேணும் திருத்தம். வினைத்தொகை என்பதால் மூன்று காலமும் அதற்குள் இருக்கிறது.

முல்லைத்தீவு, வியாழன் காலை

பிள்ளை, இதை வாசித்துவிட்டு வெகுநேரம் இருந்தேன். பொருள் முழுக்கச் சரி. ஆனால் ணகரத்துக்குப் பின் தகரம் வந்தால் டகரமாகும். விதிப்படி எழுதினால் பேண்டிருத்தம், வகுப்பில் ஒருவருக்கும் விளங்காது. விதியை விட்டு எழுதினால் பேன் என்று வாசிப்பார்கள். நான் புதுக்கலில்தான் நிற்கிறேன்.

வவுனியா, வியாழன் மதியம்

சரி, புனரமைப்பை விடுகிறேன். புதுக்கலுக்கு என் கையும். நாளைக்கு அச்சு.

கிளிநொச்சி, வியாழன் இரவு

புதுக்கலுக்கு என்னோடு மூன்று பேர், மற்ற இரண்டுக்கும் ஒவ்வொருவர். எனக்கு முழுத் திருப்தி இல்லை, ஆனால் நேரமும் இல்லை. அட்டையில் ‘பழைய உழவு இயந்திரம்: திருத்தலும் புதுக்கலும்’ என்று போகிறது. எவர்சில்வர், ஐதரசன் இரண்டையும் கட்டம் கட்டிப் போட்டாயிற்று. முதல் பக்கத்தில், எதையும் கழற்றுவதற்கு முன்னால் ‘எந்த நாளின் நிலை?’ என்ற கேள்வியைத் தங்கச்சி கேட்டபடியே வைத்திருக்கிறேன். அதற்குக் கீழே நான்கு வரி வெறுமையாக விட்டிருக்கிறேன், பிள்ளைகள் தங்கள் மெசினைப் பார்த்து எழுதட்டும்.

புதுக்குடியிருப்பு, வியாழன் இரவு

நன்றி அண்ணை. அச்சானதும் எனக்கும் ஒன்று அனுப்புங்கள். அட்டையில் உள்ள சொல்லை வெட்டிவிட்டு என் சொல்லை எழுதி வைப்பேன், பேண்டிருத்தம் என்று விதிப்படியே.

மாங்குளத்து அண்ணை, அப்பாவின் டின்னுக்கு உள்ளே இப்போது கறள் தொடங்கியிருக்கிறது. ஈயம் ஒட்டின பொருத்து அந்தச் சோடாத் தண்ணீரைத் தாங்குமா? சொன்ன பிறகுதான் இறக்குவேன்.