தபால்ல படிச்சவங்க எல்லாம் கவுன்சலர்னா, நாங்க யாரு?

பதிவெண் உள்ளவன்:
நேத்து ஒருத்தர் இங்க "கவுன்சலிங்குக்கு டிகிரி முக்கியமில்ல, காது கொடுத்துக் கேட்கிற மனசுதான் முக்கியம்"னு எழுதினார். எல்லாரும் கைதட்டுறீங்க. பல்லைப் பிடுங்கவும் மனசு போதுமா? 2021ல வந்த என்சிஏஎச்பி சட்டம், அதான் துணை மருத்துவ, சுகாதாரத் தொழில் பாக்குறவங்களுக்கான தேசிய ஆணையச் சட்டம், 3600 மணி நேரம் கேட்குது. 2025 ஜூலை-ஆகஸ்ட் சேர்க்கையில இருந்து சைக்காலஜியைத் தொலைநிலையில நடத்தக் கூடாதுன்னு யூஜிசியும் சொல்லிடுச்சு. தபால் பார்ட்டிங்க போர்டைக் கழட்டலாம்.

தபால்தலை:
அந்த "ஒருத்தர்" நான்தான் சார், நேராவே திட்டலாம். யூஜிசி நிறுத்தினது இனிமே சேர்றவங்களுக்கு. ஏற்கெனவே வாங்கின டிகிரியைக் கிழிச்சுப் போடச் சொல்லல. அந்த 3600 எதுக்குன்னு சட்டத்தைப் பிரிச்சுப் பாத்தீங்களா?

பதிவெண் உள்ளவன்:
நோயாளி முன்னாடி உட்கார வேண்டிய நேரம். கிளினிக்கல் சைக்காலஜி எம்.ஃபில்ல ரெண்டு வருஷம் வார்டே கதின்னு கிடந்தவன் நான். உங்களுக்கு ஞாயித்துக்கிழமை காண்டாக்ட் க்ளாஸ், அதுலயும் சாம்பார் சாதம் போக மிச்சம் எவ்வளவு?

தபால்தலை:
சட்டத்துல இருக்கிறது டிகிரியோட மொத்த நீளம். 3600 மணி நேரத்துக்குக் குறையாம, மூணுல இருந்து ஆறு வருஷம். இதுல நோயாளி எங்க வந்தார்?

சும்மா வேடிக்கை:
கணக்குப் போட்டுப் பாத்தேன். ஒரு நாளைக்கு 6 மணி நேரம், வருஷத்துக்கு 200 நாள், மூணு வருஷம். கரெக்டா 3600. நான் படிச்ச ரெகுலர் காலேஜ்ல 200 நாள் கேட் திறந்திருந்தாலே அதிசயம்.

நம்பிக்கை மைய அக்கா:
நான் அரசு ஆஸ்பத்திரியில நம்பிக்கை மையத்துல, அதான் எச்.ஐ.வி. பரிசோதனை பண்ற இடத்துல, வேலை பாக்குறேன், ஒப்பந்தத்துல. ரத்தம் எடுக்கிறதுக்கு முன்னாடி ஒரு பேச்சு, ரிசல்ட் கையில வெச்சுக்கிட்டு ஒரு பேச்சு. ரெண்டாவதுதான் கஷ்டம். 2021 சட்டத்து அட்டவணையில எச்.ஐ.வி. கவுன்சலர்னு எங்களைப் பேர் போட்டே சேர்த்திருக்காங்க. 2017 மனநலச் சட்டத்துல பதிவு பண்ணச் சொன்னது கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட், மனநல நர்ஸ், மனநல சமூகப் பணியாளர், இவங்களைத்தான். அதுல நாங்க இல்ல. அப்ப நான் யாருன்னு முதல்ல சொல்லுங்க. சம்பளத்தைப் பத்தியும் யாராவது பேசுவீங்களா?

பதிவெண் உள்ளவன்:
அக்கா, உங்க மேல மரியாதை உண்டு. ஆனா 3600ஐ யாரும் தாண்டிப் போக முடியாது.

யாழ்தேவி:
எங்கட பக்கம் இதை உளவளத்துணை எண்டு சொல்றது. சுனாமிக்குப் பிறகு கொஞ்ச நாள் பயிற்சி எடுத்த கன சனந்தான் வீடு வீடாப் போய்ச் சனத்தோட இருந்தது. அவையிட்ட போய் உங்கட மணிக்கணக்கைக் கேளுங்கோ பாப்பம்.

பதிவெண் உள்ளவன்:
உளவளத்துணையா? வாய்ல நுழையவே பயிற்சி வேணும் போல.

யாழ்தேவி:
"கவுன்சலர்" மட்டும் தொல்காப்பியத்திலயோ கிடக்கு?

தபால்தலை:
யாழ்தேவிக்கு ஒரு சலாம். சார், அதே அட்டவணையில சைக்காலஜிஸ்ட்னு போட்டு, பக்கத்துலயே ஆர்சிஐ, அதான் இந்திய மறுவாழ்வு கவுன்சில், கீழ வர்ற உங்களை மாதிரி கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் தவிரன்னு இருக்கு. நீங்க தூக்கிப் பிடிக்கிற சட்டம் உங்களுக்கே கிடையாது. அடுத்த வீட்டு நாயைக் காட்டி எங்களைப் பயமுறுத்துறீங்க.

பதிவெண் உள்ளவன்:
நாய் யாருன்னு ஊருக்குத் தெரியும். ஒண்ணு சொல்றேன் கேளுங்க. ஒரு பையன், பைபோலார், மனசு உச்சத்துக்கும் பள்ளத்துக்கும் மாறி மாறிப் போற நோய். தூக்கமே இல்லாம, கடன் வாங்கி மூணு பைக் வாங்கிட்டான். அவனைப் பாத்த கவுன்சலர் ஃபைல்ல "நல்ல பாசிட்டிவ் எனர்ஜி"ன்னு எழுதி மூச்சுப்பயிற்சி கொடுத்து அனுப்பியிருக்கார். எட்டு மாசம்! அதுக்கான லித்தியம் மருந்துல போட வேண்டிய பையன். என்கிட்ட வந்தப்போ அவங்க அம்மா கழுத்துல மஞ்சக்கயிறு மட்டும்தான் மிச்சம். யாரை டாக்டர்கிட்ட அனுப்பணும்னு தெரியறதுக்குத்தான்யா அந்த மணி நேரம். காது எல்லாருக்கும் ரெண்டு இருக்கு.

தபால்தலை:
மனசு கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா இதே கதையைப் போன தீபாவளிக்குச் சொன்னப்போ, அந்தக் கவுன்சலர் பெரிய காலேஜ்ல ரெகுலரா படிச்சவர்னு சொன்னீங்க. இப்ப எப்படித் தபால்ல வந்துட்டார்?

பதிவெண் உள்ளவன்:
அவர் எங்க படிச்சார்ங்கிறது விஷயமே இல்ல. 3600 முடிச்சாரா இல்லையா?

தபால்தலை:
ரெகுலர்னா முடிச்சிருப்பாரே!

சும்மா வேடிக்கை:
சார், எம்.ஃபிலையே யூஜிசி மூட்டை கட்டிடுச்சே. உங்க கிளினிக்கலுக்கும் மனநல சமூகப் பணிக்கும் மட்டும் 2025-26 வரைக்கும்னு தவணை கொடுத்தாங்க. உங்க போர்டு எப்போ இறங்குது?

பதிவெண் உள்ளவன்:
வாங்கின டிகிரி வாங்கினதுதான். நிறுத்தினது இனிமே சேர்றவங்களுக்கு.

தபால்தலை:
இதைத்தானே காலையில நான் சொன்னேன்!

பதிவெண் உள்ளவன்:
ரெண்டும் ஒண்ணா? நான் வார்டுல இருந்தேன், நீங்க தபால்காரருக்குக் காத்திருந்தீங்க.

நம்பிக்கை மைய அக்கா:
நான் கேட்டதுக்கு இன்னும் யாரும் பதில் சொல்லல. காலையில எட்டு மணிக்கு டூட்டி, படுக்கப் போறேன்.

பதிவெண் உள்ளவன்:
அக்கா, நாளைக்கு உங்களுக்காகவே தனி இழை திறக்கிறேன். தபால்தலை அங்க வரக் கூடாது.

தபால்தலை:
வருவேன். ரிஜிஸ்டர் தபால்ல.