திரை அணைந்த 20 நிமிடத்தில் சர்வீஸ் நின்றுவிடுகிறது
நடக்கும் தடத்தைப் பதிவு செய்யும் ஆப் எழுதுகிறேன். கோட்லின் மொழி, ஆண்ட்ராய்டு 14. திரை அணைந்து சுமார் 20 நிமிடத்தில் ஃபோர்கிரவுண்ட் சர்வீஸ் (நோட்டிஃபிகேஷன் காட்டியபடி தொடர்ந்து ஓடும் பகுதி) செத்துவிடுகிறது, நோட்டிஃபிகேஷனும் மாயம். மூன்று நாளாக இதே கதை. கிராஷ் இல்லை, சர்வீஸ் முறையாக முடியும்போது ஓடும் ஆன்டெஸ்ட்ராய் கூப்பிடப்படுவதே இல்லை.

ஆப்பின் விவரக் கோப்பான மேனிஃபெஸ்டில் சர்வீஸ் டைப் 'லொகேஷன்', அதற்கான பெர்மிஷன் இரண்டும் இருக்கின்றன. செத்தால் மறுபடி தொடங்கச் சொல்லும் ஸ்டார்ட் ஸ்டிக்கியும் கோடில் இருக்கிறது. பேட்டரி ஆப்டிமைசேஷனிலிருந்தும் விலக்கிவிட்டேன். பின்னணி வேலைகளை விட்டுவிட்டு ஓட்டும் ஒர்க்மேனேஜர் அதிகபட்சம் 15 நிமிடத்துக்கு ஒருமுறைதான் ஓடும், தடம் பதிய உதவாது. கணினியிலிருந்து கட்டளை அனுப்பும் ஏடிபி மூலம் டோஸ் நிலைக்கு (ஆண்ட்ராய்டின் பேட்டரி சேமிப்புத் தூக்கம்) தள்ளினால் எமுலேட்டரில் ஒன்றும் ஆகவில்லை. கையிலிருக்கும் போனில்தான் சாகிறது. ஆப் ஏன் நின்றது என்று சொல்லும் அப்ளிகேஷன் எக்ஸிட் இன்ஃபோ 'ரீசன் அதர்' (வேறு காரணம்) என்கிறது. அதை வைத்து என்ன செய்ய!

போனோடு வந்த பேட்டரி மேனேஜர் மேல்தான் சந்தேகம். லாக்கேட்டிலோ (போனின் பதிவுகள்) டம்ப்சிஸிலோ (சிஸ்டம் நிலை விவரங்கள்) எதைப் பார்த்தால் அது உறுதியாகும்?