அந்த நீலப் பிடி

பருந்து: நேற்று ஒருவர் ஜெர்மனியில் எடுத்த ஒரு விமானி அறைப் படத்தைப் போட்டு "பழைய பயிற்சி விமானம்" என்று அடித்துவிட்டிருக்கிறார். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு இருக்கை, கிலோமீட்டர் கணக்கில் வேகமானி, இடது சுவரோரம் தனியாக ஒரு நீலப் பிடி. எஞ்சின் இல்லாமல் மிதக்கும் கிளைடரில் மஞ்சள் பிடி இழுவைக் கயிற்றைக் கழற்ற, பச்சை டிரிம் (மூக்கின் சாய்வைச் சரிசெய்து வைக்க), சிவப்பு பிடி அறையின் கண்ணாடி மூடியைத் தூக்கியெறிய, நீலம் ஏர்பிரேக், அதாவது இறங்கும்போது இழுக்கும் இறக்கைத் தடுப்பு. கிளைடர் ஓட்டியவன் தூக்கத்தில்கூடச் சொல்வான். இது எஞ்சின் வைத்த கிளைடர், அதாவது மோட்டார் கிளைடர்; ஷைபே நிறுவனத்தின் ஃபால்கே.

நட்டுபோல்ட்: அந்த 'ஒருவர்' நான்தான், பெயர் சொல்லியே திட்டலாம் சார். எஞ்சின் விமானத்தில் த்ராட்டில் (எஞ்சின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் பிடி) கறுப்பு, எரிபொருள்-காற்றுக் கலவைப் பிடி சிவப்பு, புரொப்பெல்லர் அலகின் கோணத்தை மாற்றும் பிடி நீலம். உங்கள் நீலம் புரொப்பெல்லர் பிடி.

பருந்து: தம்பி, புரொப்பெல்லர் பிடி த்ராட்டிலுக்குப் பக்கத்தில் இருக்கும். சுவரோரம் எவன் வைப்பான்? படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். கை படும் இடத்தில் பெயின்ட் தேய்ந்து உலோகம் தெரிகிறது. ஒவ்வொரு தரையிறக்கத்துக்கும் இழுத்த பிடி. ஏர்பிரேக்.

வால்காற்று: மோட்டார் கிளைடர் என்று எதைச் சொல்கிறோம்? முதலில் அதைப் பேசலாமே.

நட்டுபோல்ட்: ஃபால்கே முதலில் பறந்தது 1963-இல். அப்போதே இந்த நிறமெல்லாம் பார்த்தார்களா? யாரோ பின்னால் பூசியது.

பருந்து: பூசியவனுக்காவது அது ஏர்பிரேக் என்று தெரிந்திருக்கிறது!

நட்டுபோல்ட்: போன மாதம் இரண்டாம் உலகப் போர்க் காலத்துப் போர்விமானம் ஹரிகேனின் அறைப் படத்தைப் பார்த்து, அதே காலத்து ஸ்பிட்ஃபயர் என்று சொன்னது நீங்கள்தானே?

பருந்து: வளையம் வைத்த கட்டுப்பாட்டுப் பிடி இரண்டிலும் உண்டு. அந்தப் படமும் மங்கல்.

நட்டுபோல்ட்: ஹரிகேனில் வலப்பக்கம் சக்கரத்துக்கும் ஃப்ளாப்புக்கும் (இறக்கையின் பின்விளிம்பு மடிப்பு) சேர்த்து ஒரே நெம்புகோல், 'எச்' வடிவப் பள்ளத்தில் ஓடும். ஸ்பிட்ஃபயரில் கிடையாது. அது பளிச்சென்று தெரிந்தது. மங்கலாம்!

சும்மாவந்தேன்: அண்ணே, இது குரோப் 109 என்ற இன்னொரு மோட்டார் கிளைடராக இருக்கக்கூடாதா? அதிலும் பக்கத்துப் பக்கத்து இருக்கைதான். ஏர்பிரேக்கும் உண்டு, அலகின் கோணத்தை மாற்றும் புரொப்பெல்லரும் உண்டு.

பருந்து: குரோப் 1980-இல் பறந்த கண்ணாடியிழை வண்டி. அதைப் பழசு என்றால் நான் யார்? அதை விடுங்கள், நீலப் பிடிக்கு வாருங்கள். சுவரோரம், தனியாக, தேய்ந்துபோய். ஏர்பிரேக்.

நட்டுபோல்ட்: புரொப்பெல்லர்.

பருந்து: சரி, நாளை ஃபால்கே அறைப் படம் நாலு போடுகிறேன். நீலத்தை எண்ணிக்கொள்ளுங்கள்.

நட்டுபோல்ட்: கூடவே அந்த ஹரிகேனையும் போடுங்கள் சார்.