சித்தி சிறுநீரகம் தர அங்கீகாரக் குழு ஒப்புதல்: அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

மதுரையில் இருக்கிறோம். மகனுக்கு 19 வயது. இரண்டு சிறுநீரகங்களும் செயலிழந்து, சென்ற ஆண்டிலிருந்து வாரம் மூன்று முறை டயாலிசிஸ். தண்ணீரை அளந்துதான் குடிக்க வேண்டும்; தாகம் தாங்காதபோது ஒரு ஐஸ் கட்டியை வாயில் அடக்கிக்கொள்கிறான். அவன் அப்பாவுக்குச் சர்க்கரை நோய், தானம் செய்ய முடியாது. பெற்ற அம்மா காலமாகிவிட்டார். ஏழு வயதிலிருந்து அவனை வளர்க்கும் சித்தி நான், அவன் அப்பாவின் இரண்டாவது மனைவி. ரத்தப் பிரிவு, கிராஸ்மேட்ச் (என் சிறுநீரகத்தை அவன் உடல் எதிர்க்குமா என்று பார்க்கும் ரத்தப் பரிசோதனை) இரண்டும் பொருந்திவிட்டன.

தடை வேறு. 1994 உறுப்பு மாற்றுச் சட்டத்தின் நெருங்கிய உறவினர் பட்டியலில் தாத்தா, பாட்டி, பேரப்பிள்ளைகள்கூட உண்டு, மாற்றாந்தாய் இல்லை. அதனால், பட்டியலில் இல்லாதவர்கள் உறுப்பு தர அனுமதி வழங்கும் அங்கீகாரக் குழுவிடம் போக வேண்டும், பணம் கைமாறவில்லை என்று காட்ட வேண்டும். ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிடும் வீட்டில் யார் யாருக்குப் பணம் கொடுப்பது?

திருமணப் பதிவுச் சான்று, ரேஷன் அட்டை, ஆதார் எல்லாம் கொடுத்தாயிற்று; போதாது என்கிறது மருத்துவமனை. பள்ளிச் சான்றிதழில் அவன் அம்மாவின் பெயர்தான் இருக்கிறது, அதை மாற்றும் எண்ணமும் எனக்கில்லை. தத்தெடுக்கலாமா என்று வக்கீலிடம் கேட்டோம். 1956 இந்து தத்தெடுப்புச் சட்டப்படி 15 வயது நிரம்பியவரைப் பொதுவாகத் தத்தெடுக்க முடியாதாம். தாலுகா அலுவலகத்தில் உறவுச் சான்று கேட்டு, இன்னும் அலைகிறோம். மூளைச்சாவு அடைந்தவர்களின் உறுப்புக்கான காத்திருப்புப் பட்டியலிலும் பதிந்திருக்கிறோம்.

தமிழ்நாட்டில் மாற்றாந்தாயோ மாற்றுத் தந்தையோ தானம் செய்யக் குழுவின் ஒப்புதல் பெற்றவர்கள், உறவை நிரூபிக்க எந்தெந்த ஆவணங்களைக் கொடுத்தீர்கள்?