மூன்றே மூன்று அணிகள்: ஹொக்கியில் பெரியவர் தியான் சந்தா, தன்ராஜ் பிள்ளையா?

கனகராயன்கரை:
பாடசாலைப் பிள்ளைகளுக்கு ஹொக்கி மட்டை சேர்ப்பது பற்றி நேற்று இங்கே பேசிக்கொண்டிருந்தபோது, மாங்குளத்தான் நடுவில் ஒரு வரியை எழுதிவிட்டுப் போயிருக்கிறார்: "தியான் சந்த் இன்றைய செயற்கைப் புற்றரையில் பத்து நிமிடமும் தாக்குப்பிடிக்க மாட்டார், ஹொக்கியில் என்றைக்கும் பெரியவர் தன்ராஜ் பிள்ளைதான்." அதை வாசித்த பிறகு எனக்கு இரவுச் சாப்பாடு இறங்கவில்லை. 1928 இல் அம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் இந்தியாவுக்காக ஐந்து போட்டிகளில் 14 கோல் அடித்தவரைப் பற்றியா இப்படி எழுதுவது? 1936 இல் பேர்லினில், தமது 31 ஆவது பிறந்த நாளுக்கு இரண்டு கிழமைகள் இருக்கும்போது, அணித்தலைவராக நின்று ஜேர்மனியை அதன் சொந்தத் தலைநகரில் 8-1 என்று வீழ்த்தியவர் அவர். மூன்று ஒலிம்பிக், மூன்று தங்கம். தன்ராஜ் பிள்ளையும் 1992 முதல் 2004 வரை நான்கு ஒலிம்பிக்கில் ஆடினார். அவற்றில் இந்தியா பெற்ற இடங்கள் ஏழு, எட்டு, ஏழு, ஏழு. இதற்கு மேல் நான் என்ன சொல்ல வேண்டும்?

மாங்குளத்தான்:
ஐயா, நான் எழுதியதில் ஒரு சொல்லையும் திரும்பப் பெறப் போவதில்லை. மூன்று தங்கம் என்கிறீர்கள். 1932 இல் லொஸ் ஏஞ்சலிஸில் எத்தனை அணிகள் ஆடின என்பதை ஏன் எழுதாமல் விட்டீர்கள்? மூன்றே மூன்று அணிகள்: இந்தியா, ஜப்பான், அமெரிக்கா. அமெரிக்கா இந்தியாவிடம் 24-1 என்று தோற்றது, ஜப்பானிடமும் தோற்றது, ஆனாலும் வெண்கலப் பதக்கத்தோடு நின்றது. ஏனென்றால் பதக்கங்களும் மூன்று, அணிகளும் மூன்று. அதைத் தங்கம் என்று கணக்கில் வைத்துக்கொண்டு, அவுஸ்திரேலியாவோடும் நெதர்லாந்தோடும் தென்கொரியாவோடும் பாகிஸ்தானோடும் மோதி ஏழாம் இடத்துக்கு வந்தவரைக் குறைத்துப் பேசுவது நியாயமா?

கனகராயன்கரை:
1932 ஐ நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள், தம்பி. 1928 இல் ஒன்பது அணிகள் ஆடின. இந்தியா 29 கோல் அடித்தது, ஒரு கோலையும் விட்டுக்கொடுக்கவில்லை. 1936 இல் பதினொரு அணிகள்; இந்தியாவுக்கு எதிராக விழுந்த ஒரே கோல் இறுதிப் போட்டியில் ஜேர்மனி அடித்தது. இந்த இரண்டு ஆண்டுகளையும் தாண்டி 1932 இலேயே நீங்கள் நிற்பதன் காரணம், மற்ற இரண்டைப் பற்றியும் பேச உங்களிடம் ஒன்றும் இல்லை என்பதுதான்.

மாங்குளத்தான்:
பேச நிறையவே இருக்கிறது. ஹொக்கியை உலகுக்குக் கொண்டுபோன பிரித்தானியா 1928, 1932, 1936 ஆகிய மூன்று ஒலிம்பிக் ஹொக்கியிலும் ஆடவில்லை. 1920 இல் தங்கம் வென்ற அணி, இந்தியா வந்ததும் ஒதுங்கி நின்றது. 1948 இல்தான் திரும்பி வந்தது. அந்த 1948 இறுதிப் போட்டியில் அதை 4-0 என்று வென்ற இந்திய அணியில் தியான் சந்த் இல்லை, பல்பீர் சிங் இருந்தார். ஆகவே தியான் சந்த் மிகப் பெரிய எதிரியை ஒலிம்பிக்கில் ஒருமுறையும் சந்திக்கவில்லை. 1932 இல் எதிரிகளே இரண்டு பேர். மூன்றே மூன்று அணிகள்.

நெடுங்கேணி:
இரண்டு பேரும் பெரியவர், பெரியவர் என்கிறீர்கள். எதை வைத்து அளக்கிறீர்கள் என்று ஒருவரும் சொல்லவில்லை. பதக்கமா, கோலா, ஆடிய போட்டிகளின் எண்ணிக்கையா, ஆட்டத்தையே மாற்றியமையா? கோல்தான் அளவு என்றால் பாகிஸ்தானின் சொஹைல் அப்பாஸ் 348 சர்வதேச கோல் அடித்திருக்கிறார். போட்டிகள்தான் அளவு என்றால் நெதர்லாந்தின் டொயன் டி நோயர் 453 போட்டிகளில் ஆடி, 1996 இலும் 2000 இலும் தங்கம் வென்றார். அளவுகோலை முதலில் முடிவு செய்யுங்கள்.

கனகராயன்கரை:
நெடுங்கேணி அவர்களே, சொஹைல் அப்பாஸ் பெனல்டி கோர்னரில், அதாவது எதிரணி தன் கோலுக்கு அருகே தவறிழைத்தால் கிடைக்கும் வாய்ப்பில், நின்ற இடத்திலிருந்து பந்தைச் சுழற்றி எறிந்தவர். அதுவும் அருமையான கலை, நான் மறுக்கவில்லை. ஆனால் ஓடும் பந்தை மட்டையோடு ஒட்டிக் கொண்டுபோவது வேறு. அளவுகோல் எனக்குத் தெரியும், அது தரை. நான் ஆடிய தரையைப் பற்றிச் சொல்கிறேன், கேளுங்கள். எங்கள் பாடசாலை மைதானம் கிறவல் மண். மாரியில் ஊறி, பங்குனி வெயிலில் வெடித்துக் கிடக்கும். உங்களை நோக்கி வரும் பந்து கடைசி ஒரு முழத்தில் கல்லில் பட்டு முழங்காலுக்கு எழும்பும், அல்லது வெடிப்பில் விழுந்து செத்துவிடும். முதலில் மட்டையை மண்ணோடு வைத்துப் பந்தைச் சாகடிக்க வேண்டும், பிறகுதான் தலையை நிமிர்த்தி யாருக்குக் கொடுப்பது என்று பார்க்கலாம். அந்த இடைவெளியில் எதிராளி உங்கள் கணுக்காலுக்கு வந்துவிடுவான். செயற்கைப் புற்றரையில் தண்ணீர் தெளித்து ஆடுகிறார்கள். இருபது யார் தூரத்திலிருந்து வரும் பந்தும் கோடு கீறியது போல நேராக வருகிறது. தியான் சந்த் ஆடியது மண்ணிலும் புல்லிலும், முசுக்கட்டை மர மட்டையோடு. பேர்லின் இறுதிப் போட்டி மழையால் ஒரு நாள் தள்ளிப்போய் ஈரத் தரையில் நடந்தது. அந்தத் தரையில் பந்தை மட்டையை விட்டுப் பிரியாமல் கொண்டுபோனவர், வழுவழுப்பான புற்றரையில் பத்து நிமிடம் தாங்க மாட்டாரா?

மாங்குளத்தான்:
தரை நேராக இருப்பதால்தான் ஆட்டம் கடினமாகிறது என்பதை நீங்கள் விளங்கிக்கொள்ளவில்லை. பந்து நேராக வந்தால் வேகமாகவும் வரும், எதிராளியும் வேகமாக வருவான். 1976 இல் மொன்றியலில் முதன்முதலாகச் செயற்கைப் புற்றரையில் ஒலிம்பிக் ஹொக்கி நடந்தபோது, அதற்கு முந்திய ஆண்டுதான் கோலாலம்பூரில் உலகக் கிண்ணம் வென்ற இந்தியா ஏழாம் இடத்துக்குப் போனது. அந்த உலகக் கிண்ண இறுதியில் பாகிஸ்தானுக்கு எதிராக வெற்றி கோலை அடித்த அசோக் குமார், தியான் சந்தின் சொந்த மகன். மணிக்கட்டு வித்தை புற்றரையில் போதாது என்பதற்கு அந்தக் குடும்பத்திலேயே சாட்சி இருக்கிறது. தன்ராஜ் அந்தப் புற்றரையில் பதினைந்து ஆண்டுகள் ஓடினார்.

கனகராயன்கரை:
அணி ஏழாம் இடத்துக்குப் போனதற்கு மகனைச் சாட்சிக்கு இழுக்கிறீர்கள். அதே அணி ஏழாம் இடத்துக்குப் போனபோது தன்ராஜைப் பாராட்டுகிறீர்கள். ஒரே ஏழாம் இடம் ஒருவருக்குக் குற்றம், இன்னொருவருக்குப் பெருமையா? இதற்கு நீங்கள் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

ஒட்டுசுட்டான் வாசகி:
நான் பாடசாலை அணியில் மூன்று ஆண்டுகள் கோல் காப்பாளராக நின்றவள். இத்தனை பேர் எழுதியும் ஒருவருக்கும் ஒரு பெண்ணின் பெயர் நினைவுக்கு வரவில்லை. ஆர்ஜென்டினாவின் லூசியானா அய்மார் உலகின் சிறந்த வீராங்கனையாக எட்டு முறை தெரிவு செய்யப்பட்டவர். 2000 முதல் 2012 வரை நான்கு ஒலிம்பிக்கிலும் பதக்கத்தோடு திரும்பினார். இரண்டு உலகக் கிண்ணம் வென்றார். மண், புல், புற்றரை என்று நீங்கள் பிரித்துப் பேசுவதற்கு வெளியிலும் ஹொக்கி இருக்கிறது.

வவுனிக்குளம்:
கனகராயன்கரை எதைத் தொட்டாலும் தமது பாடசாலை மைதானத்துக்கு வந்துவிடுவார். போன மாதம் கரப்பந்தாட்டம் பற்றிப் பேசியபோதும் அதே மைதானம், அதே வெடிப்பு. அன்று நான் கேட்ட கேள்விக்கு இன்றுவரை பதில் இல்லை. அது கிடக்கட்டும். செயற்கைப் புற்றரையில் ஒருமுறையாவது கால் வைத்து ஆடியிருக்கிறீர்களா ஐயா? ஆடாமல் எது கடினம், எது இலகு என்று எப்படிச் சொல்கிறீர்கள்?

கனகராயன்கரை:
ஆடியிருக்கிறேன். ஒரே ஒருமுறை, கொழும்பில். வன்னியிலிருந்து போன எங்களுக்குப் பொருத்தமான சப்பாத்துக் கூட இருக்கவில்லை; கடன் வாங்கிப் போட்டோம். முதல் பத்து நிமிடம் பந்து எங்களைக் கடந்து ஓடியது, உண்மை. அடுத்த பத்து நிமிடத்தில் கை பழகிவிட்டது. பந்து எங்கே வரும் என்று தெரிந்த பிறகு, கிறவலில் கண்ணும் கையும் பட்ட பாட்டில் பாதியும் அங்கே படவில்லை. போட்டியில் தோற்றோம், ஆனால் பந்தை நிறுத்தத் தெரியாமல் தோற்கவில்லை. ஓடிக் களைத்துத் தோற்றோம். இதை நான் ஊகத்தில் எழுதவில்லை. கரப்பந்தாட்டக் கேள்விக்கு அப்போதே பதில் எழுதினேன், நீங்கள் வாசிக்காமல் விட்டதற்கு நான் பொறுப்பல்ல.

மாங்குளத்தான்:
ஓடிக் களைத்துத் தோற்றோம் என்று உங்கள் கையாலேயே எழுதிவிட்டீர்கள். நான் நேற்று எழுதியதும் அதைத்தான்: தாக்குப்பிடிக்க மாட்டார். கை அல்ல, கால்.

கனகராயன்கரை:
பயிற்சியே கிடைக்காத பாடசாலைப் பையன்கள் களைத்ததும், இராணுவத்தில் வளர்ந்த சிப்பாய் ஒருவர் களைப்பதும் ஒன்றா? தியான் சந்த் பதினாறு பதினேழு வயதிலேயே படையில் சேர்ந்தவர். பேர்லினில் ஒருவர் களைத்தால் வெளியே கூப்பிட்டு இன்னொருவரை இறக்கும் வழக்கம் இருக்கவில்லை. பதினொரு பேர் தொடங்கினால் அந்தப் பதினொரு பேரே முடிக்க வேண்டும். இன்று நான்கு நிமிடம், ஐந்து நிமிடம் ஓடிவிட்டு வெளியே வந்து தண்ணீர் குடித்துத் திரும்பிப் போகிறார்கள். இன்னொன்று, அன்று ஓஃப்சைட் விதி இருந்தது. முன்வரிசை ஆட்டக்காரர் எதிரியின் கோலடியில் காத்துநிற்க முடியாது. அந்த விதி 1990களின் பிற்பகுதியில் நீக்கப்பட்டது. தன்ராஜின் பிற்காலம் முழுவதும் அந்தத் தடை இல்லாத காலம்.

வவுனிக்குளம்:
இட்லர் தியான் சந்தைப் படைக்கு அழைத்தார் என்பதையும் எழுதுங்களேன், கதை நிறைவாகட்டும்.

கனகராயன்கரை:
அதை நான் எழுதவில்லை, எழுதவும் மாட்டேன். அதற்கு நம்பத்தகுந்த ஆவணத்தை ஒருவரும் எனக்குக் காட்டியதில்லை. 8-1 க்கு ஆவணம் இருக்கிறது, எனக்கு அது போதும்.

மாங்குளத்தான்:
8-1 ஐயும் பார்ப்போம். அதே ஜேர்மனியிடம், ஒலிம்பிக் தொடங்குவதற்கு முன் நடந்த பயிற்சிப் போட்டியில், தியான் சந்தின் அணி 4-1 என்று தோற்றது. கலங்கிப்போய் இந்தியாவுக்குத் தகவல் அனுப்பி அலி தாரா என்ற ஆட்டக்காரரை வரவழைத்தார்கள். அவர் அரையிறுதிக்கு வந்து சேர்ந்தார், இறுதியிலும் கோல் அடித்தார். தனி ஒருவரின் மந்திரம் என்றால் தாரா எதற்கு? 1932 இல் அமெரிக்காவுக்கு எதிரான 24 கோலில் பத்தைத் தியான் சந்தின் தம்பி ரூப் சிங் அடித்தார், அண்ணன் எட்டு. மூன்றே மூன்று அணிகள் ஆடிய இடத்திலும் அவர் முதல்வர் அல்ல.

கனகராயன்கரை:
எட்டு கோல் அடித்தவரைக் குறை சொல்லும் நிலைக்கு வந்துவிட்டீர்கள். தம்பி, உங்கள் மனத்தில் இருப்பதை வெளிப்படையாகச் சொல்லுங்கள். தன்ராஜ் பூனேயில் பிறந்தாலும் தமிழ்ப் பெற்றோரின் பிள்ளை. அதுதானே காரணம்?

மாங்குளத்தான்:
அதுவும் ஒரு காரணம், மறைக்க மாட்டேன். வறிய குடும்பத்தில் பிறந்து, உடைந்த மட்டையைக் கட்டி ஒட்டி ஆடப் பழகிய தமிழ்ப் பிள்ளை, 1998 இல் பாங்கொக்கில் அணித்தலைவராக நின்று, 32 ஆண்டுகளுக்குப் பிறகு ஆசிய விளையாட்டுத் தங்கத்தை இந்தியாவுக்குக் கொண்டுவந்தார். நான்கு ஒலிம்பிக், நான்கு உலகக் கிண்ணம், நான்கு ஆசிய விளையாட்டு. நம் பிள்ளைகளுக்கு அவரைக் காட்டாமல் வேறு யாரைக் காட்டுவது? 1980 இல் மொஸ்கோவில் இந்தியாவின் கடைசி ஒலிம்பிக் தங்கத்தை வென்ற அணித்தலைவர் வாசுதேவன் பாஸ்கரனும் தமிழர்தான். தமிழர் பெயரைச் சொன்னால் உங்களுக்கு ஏன் வலிக்கிறது?

கனகராயன்கரை:
எனக்கு வலிக்கவில்லை, பாஸ்கரன் பெயரைச் சொல்லி நீங்களே வசமாக மாட்டிக்கொண்டீர்கள். மொஸ்கோவில் எத்தனை அணிகள்? ஆறே ஆறு. அமெரிக்கா முன்னின்று நடத்திய ஒலிம்பிக் புறக்கணிப்பால் பெரிய அணிகள் வரவில்லை. தன்சானியாவை இந்தியா 18-0 என்று வென்றது. ஆறு அணிகள் ஆடிய தங்கம் தமிழர் பெருமை, மூன்று அணிகள் ஆடிய தங்கம் வெறும் தகரமா? எத்தனை அணியிலிருந்து தங்கம் தங்கமாகிறது? நான்கா, ஐந்தா? இந்தக் கேள்விக்கு நேராகப் பதில் எழுதுங்கள்.

நெடுங்கேணி:
அளவுகோல் என்ன என்று நான் முதலிலேயே கேட்டதும் இதைத்தான்.

ஒட்டுசுட்டான் வாசகி:
அய்மார் பற்றி எழுதியதற்கு ஒருவரும் ஒரு வரியும் எழுதவில்லை. பிள்ளைகளுக்கு யாரைக் காட்டுவது என்று கேட்கிறீர்களே, மட்டை கேட்டு நிற்கும் பிள்ளைகளில் பாதிப் பேர் பெண் பிள்ளைகள்.

வவுனிக்குளம்:
பெண் பிள்ளைகள் பற்றித் தனியாகப் பேசலாம், இங்கே பேச்சு தியான் சந்த் பற்றியது.

ஒட்டுசுட்டான் வாசகி:
தலைப்பில் இருப்பது ஹொக்கி. தனியாகப் பேசலாம் என்று சொல்லித்தான் எங்களுக்கு மைதானத்தையும் பின்னேரம் ஐந்தரைக்குப் பிறகு தந்தார்கள், இருட்டத் தொடங்கும் நேரத்தில். கோல் காப்பாளருக்கு இருட்டில் பந்து தெரியாது, அண்ணா.

மாங்குளத்தான்:
மொஸ்கோவில் ஸ்பெயின் இருந்தது, இறுதிப் போட்டி 4-3 என்று கடைசிவரை இழுபட்டது. லொஸ் ஏஞ்சலிஸில் இறுதிப் போட்டி என்றே ஒன்று இருக்கவில்லை. மூன்று அணிகளுக்கு எப்படி இறுதிப் போட்டி வைப்பது? ஆறுக்கும் மூன்றுக்கும் வித்தியாசம் தெரியாதவரோடு நான் என்ன பேசுவது?

கனகராயன்கரை:
என் கேள்வி எத்தனை அணி என்பது. அதற்கு இன்னும் எண் வரவில்லை. ஏழாம் இடம் பற்றிய கேள்விக்கும் பதில் வரவில்லை. பதினொரு அணிகள் ஆடிய பேர்லின் பற்றி நீங்கள் சொன்னது ஒரு பயிற்சிப் போட்டியும் தாராவின் பயணமும் மட்டுமே. நாளை காலை வயலில் தண்ணீர் கட்ட வேண்டும், அதனால் இப்போது நிறுத்துகிறேன். மத்தியானம் வந்து பார்ப்பேன். அதற்குள் எண்ணை எழுதி வையுங்கள்.

மாங்குளத்தான்:
எண் மூன்றுக்கு மேல், ஐயா. மூன்றே மூன்று அணிகள்.