கொயருக்கு கஸ்டம் இன்-இயர்: மூணு செட்டுக்குத்தான் காசு, யாருக்கு வாங்க?

குழித்துறை_கீபோர்டு:
எல்லாருக்கும் ஸ்தோத்திரம். சபை களியக்காவிளை பக்கம். உயரமான காங்கிரீட் கூரை, ஒரு தடவை கை தட்டினா ரெண்டு செகண்ட் முழங்கும். காலையில தமிழ் ஆராதனை, அது முடிஞ்சு மலையாளம். ரெண்டுக்கும் ஒரே டீம்தான். கீபோர்டு, பேஸ், டிரம்ஸ், கிட்டார், பாட மூணு பேர். மிக்ஸர் பெஹ்ரிங்கர் எக்ஸ்ஆர்18. மேடையில இருக்கிற நாலு வெட்ஜ் (பாடுறவங்களை நோக்கி வச்ச மானிட்டர் ஸ்பீக்கர்) சத்தமே முதல் மூணு பெஞ்சை நிறைச்சிடுது, மெயின் ஸ்பீக்கரைக் குறைச்சும் பிரயோஜனம் இல்ல. விலை குறைஞ்ச இன்-இயர் (காதுக்குள்ள வச்சுக் கேக்கிற மானிட்டர்) போட்டுப் பார்த்தோம். பாடுறவங்க "குடத்துக்குள்ள தலைய விட்டுப் பாடுற மாதிரி இருக்கு"ன்னு ஒரு பக்கம் கழட்டிடறாங்க. கமிட்டி மூணு கஸ்டம் (அவங்கவங்க காது அச்சுல செய்யிற) செட்டுக்கு ஒத்துக்கிட்டாங்க. யாருக்குக் கொடுக்கலாம்? காது அச்சு எடுக்கும்போது என்ன கவனிக்கணும்?

மேடைஒலி:
மூணையும் பாடுறவங்களுக்கே கொடுங்க. கஸ்டம்னா சத்தத்தை அதிகமா தடுக்கும்னு நினைச்சு வாங்காதீங்க. ஃபோம் டிப்பை ஒழுங்கா உருட்டி உள்ள வச்சு, அது விரியிற வரைக்கும் அரை நிமிஷம் விரலால பிடிச்சா, அதுவும் கஸ்டம் அளவுக்குத் தடுக்கும். ஆனா வாய் திறந்து மூடுறப்போ ஃபோம் நழுவும், கஸ்டம் ஒவ்வொரு தடவையும் அதே இடத்துல உக்காரும். வித்தியாசம் அவ்வளவுதான்.

வாங்குறதுக்கு முன்னாடி ஆக்ஸை (மானிட்டருக்குத் தனி மிக்ஸ் அனுப்புற வழி) எண்ணுங்க. எக்ஸ்ஆர்18-ல 6 ஆக்ஸ். ஸ்டீரியோன்னா 3 பேருக்கு, மோனோன்னா 6 பேருக்கு. மோனோவுல எல்லாம் நடு மண்டையில குவியும், தன் குரல் கேக்கலைன்னு வால்யூமைக் கூட்டுவாங்க. கீபோர்டை இடப்பக்கம், கிட்டாரை வலப்பக்கம் தள்ளி, அவங்க குரலை நடுவுல வைங்க. குறைஞ்ச சத்தத்துலயே தெளிவா கேக்கும். அதனால ஆறையும் பாடுறவங்களுக்கு விட்டுடுங்க. வாசிக்கிற நாலு பேருக்கும் மிக்ஸரோட அல்ட்ராநெட் போர்ட்ல இருந்து பி16-எம் (ஆளுக்கொரு சின்ன மானிட்டர் மிக்ஸர்) கொடுத்தா அவங்கவங்க மிக்ஸை அவங்களே பார்த்துக்குவாங்க. நாலுக்கும் கரண்டும் சிக்னலும் பி16-டி (பிரிச்சுக் கொடுக்கிற பெட்டி) ஒண்ணே கொடுக்கும்.

ஆக்ஸ் எல்லாம் பிரீ ஃபேடர்ல (சேனல் ஃபேடருக்கு முன்னாடியே சிக்னல் எடுக்கிற முறை) இருக்கணும். இல்லன்னா மெயின்ல யாரோ ஃபேடரை இறக்கினா பாடுறவங்க காதுலயும் குறையும். ப்ளூடூத் வேண்டவே வேண்டாம், குரல் பின்தங்கி வரும்.

செவிமானி:
ஆடியாலஜிஸ்ட் பக்கமிருந்து சொல்கிறேன். முதலில் ஆட்டோஸ்கோப்பால் (காதுக்குள் பார்க்கும் விளக்குக் கருவி) பார்க்க வேண்டும். குறும்பி இருந்தால் அச்சுக்குச் சில நாள் முன்பே எடுத்துவிடுங்கள். செவிப்பறையில் ஓட்டை, சீழ் என்றால் ஈஎன்டி டாக்டர் பார்த்துச் சரி என்ற பிறகுதான் அச்சு.

காதுக் குழாயில் இரண்டு வளைவு உண்டு. நூல் கட்டிய ஃபோம் அடைப்பை இரண்டாம் வளைவுக்கு அப்பால் வைத்துவிட்டுத்தான் சிலிகானைச் செலுத்த வேண்டும். பாடுபவர் சுமார் ஓர் அங்குலக் கட்டையைப் பல்லுக்கிடையில் கடித்துக்கொண்டு, அது இறுகும்வரை (ஏறக்குறைய 5 நிமிடம்) பேசாமல், விழுங்காமல் இருக்க வேண்டும். வாய் திறந்தால் குழாய் விரியும். மூடிய வாயில் எடுத்த அச்சில் செய்த ஷெல் (காதுக்குள் உட்காரும் கூடு), உச்ச ஸ்தாயியில் வாய் அகன்றதும் சீல் விட்டு, கீழ்ச்சுருதி காணாமல் போகும். ஹியரிங் எய்டுக்கு எடுக்கிற பழக்கத்தில் சிலர் கட்டையில்லாமல், முதல் வளைவோடு நிறுத்திவிடுவார்கள். அங்கேயே கேட்டு வாங்குங்கள். வெளியே வந்த அச்சில் இரண்டு வளைவும் தெரிய வேண்டும், காற்றுக்குமிழிப் பள்ளம் இருந்தால் மறுபடி எடுக்கச் சொல்லுங்கள்.

குடம் விஷயம்: இரண்டு காதையும் விரலால் அடைத்துக்கொண்டு "ஆ" என்று பாடிப் பாருங்கள், பிறகு "ஈ", "ஊ". பின்னவை இரண்டும் மண்டைக்குள் முழங்கும். எலும்பு வழி வரும் குரல் குழாயின் குருத்தெலும்புப் பகுதியை அதிரவைக்கிறது. வழக்கமாக வெளியே போய்விடும் கீழ்ச்சுருதி, அடைத்தால் உள்ளேயே தங்குகிறது. ஷெல் ஆழமாக, எலும்புப் பகுதி வரை போய் அடைத்தால் இது குறையும். அதற்காகவும்தான் இரண்டாம் வளைவு. காது இன்னும் வளர்ந்துகொண்டிருக்கும் பிள்ளைகளுக்கு கஸ்டம் வேண்டாம், சீக்கிரமே லூசாகிவிடும்.

மேடைஒலி:
இதோட ஒண்ணு சேர்த்துக்கலாம். பாடுறவர் மைக் சேனல்ல போலாரிட்டி பட்டனை (ஒலி அலையைத் தலைகீழா திருப்புறது) மாத்தி மாத்தி அழுத்திப் பாடச் சொல்லுங்க. எலும்பு வழி குரலும் இன்-இயர் குரலும் எதிரெதிரா இருந்தா பொள்ளலா கேக்கும். எது கனமா கேக்குதோ அதுல விட்டுடுங்க. குட முழக்கத்தைக் குறைக்கிறேன்னு ஆக்ஸ் ஈக்யூல பேஸை வெட்டாதீங்க, பேஸ் கிட்டாரும் சேர்ந்து போயிடும். அவங்க குரல் சேனல்ல மட்டும் 150 ஹெர்ட்ஸ்ல ஹைபாஸ் (அதுக்குக் கீழ உள்ளதைக் குறைக்கிற ஃபில்டர்) வச்சுப் பாருங்க.

குழித்துறை_கீபோர்டு:
நன்றி அண்ணா. ஒரு பக்கம் கழட்டுறதுக்கு இன்னொரு காரணமும் சொல்றாங்க: சபையார் கீர்த்தனை பாடுறது காதுல விழலையாம். ஐயர் (போதகர்) "இன்னொரு சரணம்"னு சொன்னாலும் தெரியல.

மேடைஒலி:
அதுக்குத்தான் ஆம்பியன்ஸ் மைக். ரெண்டு கண்டன்சர் மைக்கை மேடை விளிம்புல, இடமும் வலமுமா, முதுகு மெயின் ஸ்பீக்கருக்கும் முகம் பெஞ்சுக்குமா வைங்க. இன்-இயர் ஆக்ஸுக்கு மட்டும் அனுப்புங்க, மெயினுக்குப் போனா ஊளையிடும். ஐயர் மைக் எல்லா ஆக்ஸிலும் இருக்கணும்.

ஒரு காதைக் கழட்டினா மேடை இரைச்சல் அந்த வழியா வரும், அதை மிஞ்ச மத்த காதுல சத்தத்தைக் கூட்டுவாங்க. அமெரிக்க நியோஷ் (தொழிலாளர் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம்) கணக்குப்படி 85 டெசிபல்னா 8 மணி நேரம். 3 டெசிபல் ஏற ஏற நேரம் பாதி ஆகும், 100-ல வெறும் 15 நிமிஷம்தான். ரெண்டு ஆராதனைக்கும் முந்தின பயிற்சிக்கும் சேர்த்துப் பாருங்க. ஆக்ஸ் கம்ப்ரெசரை அதிக ரேஷியோ, மிகக் குறைஞ்ச அட்டாக்ல லிமிட்டரா (சத்தம் எல்லை தாண்டாம பிடிக்கிறது) வச்சிடுங்க. பேன்டம் பவர் (மிக்ஸர் கண்டன்சர் மைக்குக்குக் கொடுக்கிற கரண்ட்) ஓடுறப்போ யாராவது மைக் வயரைப் பிடுங்கினா வர்ற 'டப்' சத்தம் நேரா செவிப்பறைக்குத்தான் போகும்.

பாறசாலை_பேஸ்:
நம்ம பக்கம் இடவப்பாதியும் (தென்மேற்குப் பருவமழை) துலா மழையும்தான் (ஐப்பசி மழை) இன்-இயருக்கு எமன். ஆராதனை முடிஞ்சதும் துணியால துடைச்சு, சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவுல வைங்க. ஜெல் நிறம் மாறினா மாத்துங்க. சத்தம் ஒரு பக்கம் குறைஞ்சா முதல்ல ஓட்டையில குறும்பி அடைச்சிருக்கான்னு பாருங்க. டியூபைக் கீழ்நோக்கிப் பிடிச்சு, கூட வர்ற கம்பி வளையத்தால மெல்ல எடுக்கணும். ஊசியால குத்தினா குறும்பி உள்ள போயிடும். இன்-இயர்ல சொருகுற 2-பின் கேபிளை ஆட்டி ஆட்டிக் கழட்டினா சாக்கெட் லூசாகும். நேரா இழுங்க, கூட ஒரு ஸ்பேர் கேபிளும் வாங்கிடுங்க.