தேயிலைத் தொழிற்சாலையின் புகைபோக்கிச் சூட்டை லைன் வீடுகளுக்குக் கொண்டுபோக முடியுமா?

ஹீட்டர்காரன், கோத்தகிரி

வணக்கம். தேயிலைத் தொழிற்சாலை ஒன்றில் ஏர் ஹீட்டரைப் பார்த்துக்கொள்வது என் வேலை. எங்களிடம் பாய்லர் கிடையாது. விறகை எரித்துச் சூடான காற்றைத் தேயிலை உலர்த்தும் டிரையருக்கு அனுப்புகிறோம். முழு ஓட்டத்தில் மணிக்கு 150 கிலோ விறகு போகிறது. கற்பூர மரமும் சீகையும் கலந்து. புகை வெளியேறும் இடத்தில் வெப்பமானி 240 டிகிரி காட்டுகிறது. பார்க்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது. 300 மீட்டர் கீழே தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் 40 லைன் வீடுகள். விடியுமுன் வீட்டுக்கு வீடு தனி அடுப்பு மூட்டி வெந்நீர் வைக்கிறார்கள்.

டென்மார்க்கில் ஒரு சிமென்ட் ஆலையின் சூட்டில் ஊரே குளிர்காய்கிறது என்று படித்தேன். நாமும் குழாய் போட்டு வீட்டுக்கு வீடு கொடுத்தால் என்ன? முதலாளி, “கணக்கைக் காட்டு, பார்க்கலாம்” என்கிறார். தெரிந்தவர்கள் உதவுங்கள்.

குன்னூரான், இப்போது ஆல்போர்க்

நீங்கள் படித்தது நான் குடியிருக்கும் ஊரைப் பற்றித்தான். ஆலைச் சூட்டை வெந்நீராக்கி, நுரை உறை போட்ட குழாய்களில் மண்ணுக்கடியில் அனுப்புகிறார்கள். வீட்டுக்கு வந்து ஆறிய தண்ணீர் அடுத்த குழாயில் திரும்புகிறது. 1973 எண்ணெய் நெருக்கடியில் அடிபட்ட நாடு இது. 1979இல் வெப்ப வழங்கலுக்கென்றே சட்டம் போட்டார்கள். இன்று மூன்றில் இரண்டு பங்கு வீடுகளுக்கு இப்படித்தான் சூடு வருகிறது. அப்படியும் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு வழியிலேயே மண்ணுக்குப் போகிறது. இங்கே மாதக்கணக்கில் அறையையே சூடாக்க வேண்டும், அதனால் கட்டுபடியாகிறது. உங்களுக்குத் தேவை குளிக்க வெந்நீர் மட்டும். ஒரு மீட்டர் குழாய்க்கு எவ்வளவு சூடு விற்கிறது என்பதைத்தான் இங்கே முதலில் கேட்பார்கள்.

பழைய டீமேக்கர், கேத்தி

தம்பி, கணக்குதானே வேண்டும்? எழுதிக்கொள்ளுங்கள்.

150 கிலோ விறகுக்கு, உபரிக் காற்றையும் சேர்த்தால், மணிக்குச் சுமார் 1,500 கிலோ புகை. அதை 240இலிருந்து 150 டிகிரிக்கு இறக்கினால் 40 கிலோவாட் கிடைக்கும். 150க்குக் கீழே ஆசைப்படாதீர்கள். புகையில் விறகின் ஈரம் இருக்கிறது. நம் ஊர்த் தண்ணீர் 15 டிகிரியில், புகை போகும் வழியில் வைக்கும் குழாய்ச்சுருளுக்குள் நேரே போனால் வெளிப்புறம் வியர்க்கும். அதில் கரி ஒட்டித் தார் போல் இறுகும், பிறகு துரு. உள்ளே போகும் தண்ணீரில் கொஞ்சம் வெந்நீரைக் கலந்து, அறுபது டிகிரிக்குக் குறையாமல் அனுப்புங்கள். புகை குளிர்ந்தால் இழுப்பும் குறையும். விசிறி தாங்குமா என்று பார்த்துவிட்டுக் கைவையுங்கள். தண்ணீர்ப் பக்கம் அழுத்தமே ஏறாத திறந்த தொட்டியாக இருக்கட்டும்.

இனி தேவை. வீட்டுக்கு 50 லிட்டர் என்றால் 2,000 லிட்டர். 15இலிருந்து 55 டிகிரிக்கு ஏற்ற 93 யூனிட் போதும்; உங்கள் புகைபோக்கி இரண்டரை மணி நேரத்தில் தந்துவிடும். அதே வெந்நீரைத் திறந்த அடுப்பில் வைத்தால் 150 கிலோ விறகு தாராளமாகப் பிடிக்கும். சூட்டுக்குப் பஞ்சமில்லை. சிக்கல் குழாயில்தான். போக 300, வர 300, இரவும் பகலும் வெந்நீர் சுற்றினால், நல்ல உறை போட்டாலும் மீட்டருக்குப் பத்துப் பன்னிரண்டு வாட் கசியும். நாளுக்குச் சுமார் 160 யூனிட் மண்ணுக்கு, 93 யூனிட் மனிதருக்கு! டென்மார்க்காரன் கேட்டால் சிரிப்பான்.

வீட்டுக்கு வீடு என்பதை விட்டுவிடுங்கள். லைனுக்குப் பக்கத்தில் நல்ல உறையோடு ஒரே தொட்டி. மாலையில் ஒரே தடவை வெந்நீரை இறக்கிவிட்டு வால்வை மூடிவிடலாம். திரும்பும் குழாயே வேண்டாம். 32 மில்லிமீட்டர் குழாயில் 240 லிட்டர் நின்று ஆறும், போகட்டும். தொட்டியில் 60 டிகிரிக்குக் குறையக்கூடாது. வெதுவெதுப்பான தண்ணீரில் நுரையீரலைத் தாக்கும் கிருமி வளரும். குழந்தைகள் வெந்துபோகாமலிருக்கக் குளியலறைக் குழாயில் பச்சைத் தண்ணீர் கலக்கும் வால்வு கட்டாயம்.

இதையெல்லாம்விடப் பெரிய விஷயம்: உறைபனி விழும் ஜனவரியில் உங்களுக்குக் கொழுந்து எங்கே இருக்கிறது? ஹீட்டர் வாரத்தில் சில நாள்தான் எரியும். குளிர் அதிகமாகும்போது சூடு இல்லை. டென்மார்க்கில் வோயென்ஸ் என்ற ஊரில் கோடைச் சூரியச் சூட்டைக் குளிர்காலத்துக்கு வைத்துக்கொள்ள 2 லட்சம் கன மீட்டர் தண்ணீர்க் குழியே வெட்டியிருக்கிறார்கள். நம் மேட்டில் அது நடக்கிற காரியமா? முதலாளியை மடக்க வேண்டுமானால் வாட்டத்தைக் காட்டுங்கள், அதாவது பறித்த கொழுந்தைக் காற்றில் வாட்டி ஈரம் குறைக்கும் வேலையை. மழைநாளில் கொழுந்து வாடாமல் கிடக்கும்போது அந்தச் சூட்டைக் கொழுந்து வாட்டும் தொட்டியின் விசிறிக் காற்றில் கலந்தால் அவருக்கே விறகு மிச்சம். 35 டிகிரியைத் தாண்டவிடாதீர்கள், இலை சிவந்துவிடும். டிரையரிலிருந்து வரும் ஈரக் காற்றைத் தொடவே வேண்டாம். அதிலுள்ள பஞ்சு எந்தச் சுருளையும் ஒரே வாரத்தில் அடைத்துவிடும்.

லைன் வீட்டுப் பெண், அரவேணு

ஐயா, நாங்கள் இருப்பது வேறு எஸ்டேட், ஆனாலும் சொல்கிறேன். வெந்நீர் வந்தால் நல்லதுதான். ஆனால் மழைக்காலத்தில் எங்களை வதைப்பது துணி. கொழுந்து பறித்துவிட்டு வந்தால் சேலை, ஸ்வெட்டர், இடுப்பில் கட்டும் படுதா எல்லாம் சொட்டச் சொட்ட நனைந்திருக்கும். அடுப்புக்கு மேலே கொடி கட்டினால் புகை நாற்றம், வெளியே கட்டினால் மூன்று நாளானாலும் காயாது. பிள்ளைகள் ஈரச் சீருடையோடு பள்ளிக்கூடம் போகிறார்கள். மழை நாளில்தானே ஃபேக்டரியும் ராத்திரி பகலாக ஓடுகிறது?

ஹீட்டர்காரன், கோத்தகிரி

அக்கா சொன்னது எனக்குத் தோன்றவே இல்லை. எங்கள் விறகுக் கொட்டகையை ஒட்டி ஒரு காலி அறை இருக்கிறது. புகையை அதற்குள் திருப்பிவிட்டால் போதுமா ஐயா?

பழைய டீமேக்கர், கேத்தி

ஐயோ, வேண்டாம்! ஆளைக் கொல்லும் விஷவாயு அந்தப் புகையில் இருக்கிறது. புகை புகைபோக்கியிலேயே போகட்டும். சுருளில் சூடான தண்ணீரை அறைக்குள் தரையோரம் இரும்புக் குழாயில் ஓடவிட்டு, கொடிகளை அதற்கு மேலே கட்டுங்கள். ஒரு லிட்டர் ஈரம் போக முக்கால் யூனிட்டுக்குக் கொஞ்சம் குறைவாகத்தான் பிடிக்கும். 10 கிலோவாட் ஒதுக்கி, பாதி வீணானாலும் மணிக்கு ஏழு லிட்டர் ஈரம் வெளியேறும். கூரைக்கடியில் ஒரு விசிறி வைத்து ஈரக் காற்றை வெளியே தள்ளாவிட்டால் அறையே வியர்க்கும், அதை மறக்காதீர்கள். விறகும் அங்கேயே காயட்டும். காய்ந்த சீகை எரிந்தால் 150 கிலோ என்பது தானாகக் குறையும். முதலாளியிடம் அந்தக் கணக்கை முதலில் நீட்டுங்கள், துணிக்கொடியைப் பிறகு சொல்லலாம். அக்கா, உங்கள் எஸ்டேட்டில் ஹீட்டர் பார்ப்பவரையும் இங்கே எழுதச் சொல்லுங்கள்.